வெளிச்சம் வந்த வழி – 17: துடிப்பும் கடிகாரமும்

மலிபு ஆய்வகத்தில் தியோடர் மைமனின் ரூபி லேசர் 1960 மே மாதம் முதன்முதலாக ஒளிர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். விடை கிடைத்துவிட்டது, கேள்வியைத்தான் காணோம் என்று அந்நாளில் அதைக் கிண்டலடித்தார்கள். கேள்விகளில் ஒன்று முப்பது வருடமாகக் காத்துக் கிடந்தது என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் எட்வர்ட் ஹட்சின்சன் சிங் என்ற அயர்லாந்துக்காரர். நாடகாசிரியர் ஜே.எம். சிங்கின் அண்ணன் மகன். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து இயற்பியல் யோசித்தவர். மிக உயரத்தில் காற்றின் அடர்த்தி எவ்வளவு? சர்ச்லைட்டுகளைக் கூட்டமாக நிறுத்தி வானத்தை நோக்கி ஒளி பாய்ச்சுங்கள், காற்று சிதறடிக்கும் வெளிச்சத்தைச் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு தொலைநோக்கியில் பிடியுங்கள் என்று 1930இல் எழுதினார். ஏன் தள்ளி வைக்க வேண்டும்? சர்ச்லைட் இடைவிடாமல் எரிவது. திரும்பும் ஒளி எந்த உயரத்திலிருந்து வருகிறதென்று அதனால் சொல்ல முடியாது. ஒளிக்கற்றையும் தொலைநோக்கியின் பார்வைக்கோடும் வெட்டும் புள்ளியைக் கணக்குப் போட்டுத்தான் உயரத்தை அறிய வேண்டும்.

லேசர் வந்ததும் அந்த வடிவகணிதத்தின் இடத்தில் கடிகாரம் உட்கார்ந்துகொண்டது. ஒளியைச் சிறு துடிப்பாக அனுப்பி, அது எப்போது திரும்புகிறது என்று பார்த்தால் போதும். ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் ஓடும். போய்வர வேண்டுமே! அதனால் கடிகாரத்தின் ஒரு நானோ வினாடி, தூரத்தில் 15 சென்டிமீட்டர்.

இதை முதலில் கையில் எடுத்தவர்களில் இருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தார்கள். ஒருவர் லூயி ஸ்மல்லின், மற்றவர் இத்தாலியிலிருந்து வந்த ஜார்ஜோ ஃபியோக்கோ. 1962 மே மாதம் சந்திரன் மீதே லேசரைச் சுட்டார்கள். அங்கே அப்போது கண்ணாடி ஏதும் இல்லை. வெறும் தரையில் பட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒரு துடிப்புக்குத் திரும்பி வந்தவை சுமார் 12 ஃபோட்டான்கள்! அனுப்பியதோ கோடி கோடி. அடுத்த ஆண்டு அதே முறையில் மேல்வளிமண்டலத்தைத் துழாவினார்கள். 60 கிலோமீட்டருக்கு மேலே எதிரொளி கிடைத்ததென்று 1963இல் அறிவித்தார்கள்.

ஃபியோக்கோவின் உறுதியான அறுவடை 1964இல் வந்தது. மாணவர் ஜெரால்ட் கிராம்ஸுடன் சேர்ந்து, சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருந்த நுண்துகள் படலத்தை லேசரால் பதிவு செய்தார். பாலித் தீவில் ஆகுங் எரிமலை 1963இல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அது கக்கிய கந்தகம் அடுக்குமண்டலத்தில் துகள்களாகி உலகைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. இன்று லைடார் என்று நாம் சொல்லும் கருவியின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்பது என் கட்சி. சந்திரனைத் தொட்டது சாகசம், இது அளவீடு.

அதே 1964இல், வாஷிங்டன் அருகே நாசாவின் காடார்ட் மையத்தில் ஹென்றி பிளாட்கின் குழுவுக்கு வேறு கவலை. மேலே போகும் செயற்கைக்கோள் சரியாக எங்கே இருக்கிறது? அதில் 360 சிறு கண்ணாடிகளைப் பதிக்க ஏற்பாடு செய்தார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட கண்ணாடிகள் அவை. ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும்; சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரிலும் இதே தத்துவம்தான். மார்ச் மாதம் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமலே போனது. அக்டோபரில் அதன் இரட்டையான எக்ஸ்ப்ளோரர் 22 ஏறியது. உள்ளே ஒரு காந்தம் இருந்தது. வட அரைக்கோளத்தின் மேல் வரும்போது கண்ணாடிகள் பூமியைப் பார்க்கும்படி அது திருப்பி வைக்கும்.

சிக்கல் குறிபார்ப்பதில். கணினி சொல்லும் இடத்தை நம்பி மெல்லிய கற்றையைச் சுட முடியாது. தரை இருட்டியும் செயற்கைக்கோள் மீது மட்டும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் அந்திப் பொழுதுதான் வாய்ப்பு. தொலைநோக்கியில் கண் வைத்து, ஓடும் புள்ளியைக் கையாலேயே துரத்தினார்கள். நைக்-ஏஜாக்ஸ் ஏவுகணை அமைப்பிலிருந்து எடுத்த தாங்கியே லேசரைச் சுமந்தது. 1964 அக்டோபர் 31 அன்று ஒளி திரும்பியது. செயற்கைக்கோள் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போய்வர ஏழு மில்லி வினாடிகூட ஆகாது. பிழை மூன்று மீட்டர் அளவு. ரேடார்க்காரர்கள் பொறாமைப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று மீட்டர் சென்டிமீட்டராகச் சுருங்கியபோது காற்று குறுக்கே வந்தது. காற்றில் ஒளி சற்று மெதுவாகவே போகும். நேர் உச்சிக்குச் சுட்டாலும் தூரம் சுமார் 2.4 மீட்டர் கூடுதலாகத் தெரியும். முதல் இரவின் பிழைக்குள் அது மறைந்துகிடந்தது. பிறகு மறைய இடமில்லை. தரையில் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் பார்த்துக் கழிக்க வேண்டியதாயிற்று. அழுத்தமானி ஒரு மில்லிபார் தவறினால் தூரம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தவறும். ஃபியோக்கோவுக்குச் சோறு போட்ட காற்று, பிளாட்கினின் வாரிசுகளுக்குக் கழித்தல் கணக்கு.

அந்தக் கழித்தலைச் செய்து முடித்தவர்களுக்காகவே 1976 மே 4 அன்று லேஜியோஸ் ஏறியது. 60 சென்டிமீட்டர் உருண்டை, 400 கிலோவுக்கும் மேல் எடை, 426 கண்ணாடிகள். மின்னணுப் பொருள் ஒன்றுகூட இல்லை, பழுதாக எதுவும் இல்லை. 5,900 கிலோமீட்டர் உயரத்தில் இன்றும் சுற்றுகிறது. பல நாட்டு நிலையங்கள் அதைச் சுட்டுச் சுட்டே, கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதை நேரில் அளந்தன. நம் ஜவ்வாது மலைக் காவலூரிலும் சோவியத் ஒத்துழைப்போடு செயற்கைக்கோள் தூரம் அளக்கும் லேசர் நிலையம் ஒன்று இயங்கியது. காற்றைத் துழாவும் லேசர் திருப்பதி அருகே கடங்கியில் 1998இல் ஜப்பானியர் கூட்டுறவில் வந்தது.

வெறும் தரையில் பட்டு 12 ஃபோட்டான் திரும்பிய சந்திரனுக்கு, 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நூறு கண்ணாடிகள் கொண்டுபோனார்கள். அதைக் கண்டுபிடிக்க லிக் வானாய்வகம் பட்ட பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)