கள்ளுக்கடையும் பாதாளச் சாக்கடையும்

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் கணிசமானோர் நம் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களது கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி ஆகியவை இருந்தன. துரைமாருக்கு முன்னால் சைக்கிளில் செல்லும் உரிமையும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது.

வியர்வை சிந்திப் பெற்ற கூலி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரைந்தது. தொழிலாளர்கள் அதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. கூலியோடும் கௌரவத்தோடும் சேர்த்து வைத்தார்கள். பதிலுக்கு ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச்.நாதன் நாடுகடத்தப்பட்டார்.

இன்று நம் ஊர்களில் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்படுபவரிடம் கேளுங்கள். குடிக்காமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்பார். 'குடிகாரர்கள்' என்று சமூகம் பழிக்கிறது. குடிக்க வைக்கும் வேலையைச் சாதி பார்த்துக் கொடுத்தது அதே சமூகம்தான். மது மரத்துப்போகச் செய்வது மூக்கை மட்டுமல்ல. நிதானத்தையும் ஆபத்தை உணரும் திறனையும் சேர்த்துத்தான். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோ, அளவு மிகுந்தால் முகரும் சக்தியையே முதலில் பறிக்கிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதே மரணம் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அப்படியானால் குடியை விடச் சொன்னால் போதுமா? பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். அதனால் போதை நீக்கச் சிகிச்சை மருத்துவக் கண்காணிப்பில், உரிய மருந்துகளோடும் தயமின் சத்தோடும் சில நாட்கள் நடக்க வேண்டும். அந்த நாட்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் யார் தருவது? சிகிச்சை முடிந்து அதே குழிக்குள் இறங்கினால் அதே பாட்டில்தானே காத்திருக்கும்?

மனிதக் கழிவகற்றும் வேலையில் மனிதரை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை போராடிப் பெற்றவை. ஆனால் இழப்பீடு செத்த பிறகு வருவது. உயிரோடிருக்கும் தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய சிகிச்சை விடுப்பு, திரும்பிவரும்போது அதே வேலை நிலையாகக் கிடைக்கும் உறுதி, குழிக்குள் மனிதருக்குப் பதில் இயந்திரம்: இம்மூன்றையும் பணியிடப் பாதுகாப்பாகவே நாம் கோர வேண்டும். கிள்ளான் தொழிலாளர்கள் கள்ளுக்கடையைக் கூலிக்குப் பக்கத்தில் எழுதினார்கள். நமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் இது அந்த இடத்தில்தான் வர வேண்டும்.