கல்லும் கணக்கும்: பாரிஸ், 1835

போன வருஷம் ஒரு ராத்திரி, ரெண்டரை மணி இருக்கும். வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்த வலி அடிவயிறு வரை இறங்கியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. விடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஆறு மில்லிமீட்டர் கல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் அடிப்பகுதியில், பைக்குக் கொஞ்சம் மேலே மாட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரையும், டாம்சுலோசின் என்று இன்னொரு மாத்திரையும் எழுதினார். நாலு வாரம் பார்ப்போம், தானா வரலைன்னா உள்ளே போய் எடுத்துடலாம் என்றார். நான் தொழில் புத்தியை விடாமல் கேட்டேன்: "டாக்டர், தானா வர்றதுக்கு எத்தனை பர்சென்ட் சான்ஸ்?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நூறு பேருக்கு இத்தனைன்னு சொல்லலாம் சார். உங்களுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? வரும், இல்லைன்னா வராது."

அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. வலி குறைந்த நேரங்களில் கல்லைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் 1835-ல் பாரிஸில் நடந்த ஒரு விவகாரம் கண்ணில் பட்டது. என் டாக்டர் சொன்ன அதே பதிலை, கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்னால் ஒரு அறிஞர் குழு எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவில் இருந்த ஒருவரின் பெயரைப் பார்த்துத்தான் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கத்தியின் காலம்

இன்று நம்மில் பலருக்கும் வருவது சிறுநீரகத்தில் உருவாகும் கல். பழைய காலத்தில் மருத்துவர்களை அதிகம் அலைக்கழித்தது சிறுநீர்ப்பையில் உருவாகும் கல். ஏழைக் குழந்தைகளுக்கும் அது சர்வ சாதாரணம். சுஸ்ருத சம்ஹிதையில் அந்தக் கல்லை அறுத்தெடுக்கும் முறை இருக்கிறது. கிரேக்க மருத்துவர்களின் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியோ, கல்லுக்குக் கத்தி வைக்க மாட்டேன், அதை அந்தத் தொழில் செய்பவர்களிடமே விட்டுவிடுகிறேன் என்கிறது. அவ்வளவு ஆபத்தான வேலை.

மயக்க மருந்து பொதுப் புழக்கத்துக்கு வந்தது 1846-க்குப் பிறகு. அதற்கு முன்னால் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் அறுப்பார்கள். பிரசவ அறையில் இன்றும் பெண்களைப் படுக்கவைக்கும் அந்த நிலைக்கு 'லித்தாட்டமி பொசிஷன்' என்றுதான் பெயர். லித்தாட்டமி என்றால் கல்லறுவை. லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1658-ல் இப்படி அறுத்துக்கொண்டு பிழைத்தவர். பிழைத்த நாளை வருஷா வருஷம் விருந்து வைத்துக் கொண்டாட நினைத்தார் என்றால் பயம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் ழான் சிவியால் வருகிறார். 1792-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். அறுக்காமலே கல்லை உடைக்க முடியுமா என்று மாணவப் பருவத்திலிருந்தே யோசித்தவர். சிறுநீர் வெளியே வரும் வழியாகவே ஒரு உலோகக் குழாயை உள்ளே செலுத்த வேண்டும். பைக்குள் போனதும் அதன் நுனியிலிருந்து மூன்று விரல்கள் விரிந்து கல்லைக் கவ்வும். நடுவில் இருக்கும் துளைப்பான் கல்லைக் குடைந்து பொடியாக்கும். பொடி சிறுநீரோடு வெளியேறும். 1824-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பிரதிநிதிகள் முன்னிலையில் உயிருள்ள நோயாளிக்கு இதைச் செய்து காட்டினார். இந்த முறைக்கு லித்தோட்ரிட்டி என்று பெயர். இதை முதலில் யோசித்தது யார் என்று அவருக்கும் லெருவா டெத்தியோலுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த சண்டை தனிக்கதை. பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் சிறுநீர் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு சிவியாலுக்குக் கிடைத்தது. யூராலஜி என்ற தனித்துறையின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

எண்ண ஆரம்பித்தவர்

சிவியாலை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கருவியால் இல்லை. அவர் எண்ண ஆரம்பித்ததால்.

அந்தக் காலத்தில் பெரிய அறுவை மருத்துவர்களிடம் உங்கள் முறை எப்படி என்று கேட்டால், தாங்கள் காப்பாற்றிய சில பிரமாதமான நோயாளிகளின் கதையைச் சொல்வார்கள். செத்தவர்கள் கதையில் வர மாட்டார்கள். சிவியால் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளிலிருந்து கல்லறுவைக் கணக்குகளைத் திரட்டினார். கத்தி வைத்தவர்கள் 5,443 பேர், அதில் இறந்தவர்கள் 1,024. நூற்றுக்குப் பத்தொன்பது பேர். அவருடைய முறையில் 307 பேருக்கு 7 மரணம். நூற்றுக்கு ரெண்டே சொச்சம்.

இன்றைக்கு இதைப் பார்க்கும் யாருக்கும் வழக்கு முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் அறிவியல் கழகம் 1835-ல் இந்தக் கணக்கைப் பரிசீலிக்க நாலு பேர் குழுவை அமைத்தது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, மருத்துவர் டூப்ள், வேதியியலாளர் டூலோங். நாலாவது ஆள் சிமியோன் டெனி புவாசோன். நாம் காலேஜில் பாய்சான் என்று படித்தோமே, அவரேதான்!

நான் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டது இங்கேதான். சர்வருக்கு நிமிஷத்துக்கு எத்தனை கோரிக்கை வரும், எத்தனை மெஷின் போட வேண்டும் என்று கணக்குப் போடும்போதெல்லாம் பாய்சான் பரவலைத்தான் எடுத்துக்கொள்வேன். 'பெரிய எண்களின் விதி' என்ற பெயரையே வைத்தவர் அவர். அதுவும் இதே வருஷங்களில்தான். அப்படிப்பட்டவர் இருந்த குழு சிவியாலின் எண்களைக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்?

இல்லை. குழுவின் அறிக்கை சொன்னதன் சாரம் இது: புள்ளியியல் செய்யும் முதல் வேலையே, தனி மனிதனிடமிருந்து அவனுடைய தனித்தன்மையைக் கழற்றிவிட்டு அவனைக் கூட்டத்தில் ஒரு பின்னமாக மாற்றுவது. மருத்துவத்தில் விஷயம் நேரெதிர். அங்கே பிரச்சினை எப்போதும் கண் முன்னால் படுத்திருக்கும் அந்த ஒரு ஆளைப் பற்றியது. அவருடைய வயசு, உடம்பு, கல்லின் அளவு எல்லாம் சேர்ந்ததுதான் கேள்வி. கூட்டத்தின் சராசரி அதற்குப் பதில் ஆகாது.

என் டாக்டர் சொன்னதும் இதைத்தானே?

யார் சொன்னது சரி?

முதலில் படித்தபோது, மாற்றத்தை விரும்பாத பெரியவர்கள் முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவியாலின் எண்களை நானே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பைத்தானில் நாலு வரி. 307-ல் 7 என்ற எண்ணிக்கையில் தற்செயலின் ஊசலாட்டத்துக்கு இடம் கொடுத்தால், உண்மையான மரண விகிதம் சுமார் ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரை இருக்கலாம் (95% நம்பக எல்லை). கத்தி வைத்தவர்களுக்கு அது 18-லிருந்து 20-க்குள். ரெண்டும் கிட்டேகூட வரவில்லை. ஆக, இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை.

இந்த மாதிரி எல்லைக் கணக்கை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவரும் அதே பாரிஸ்காரர்தான். ழூல் கவாரே. பொறியாளர்களை உருவாக்கும் எகோல் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுப் பிறகு மருத்துவர் ஆனவர். 1840-ல் வெளியிட்ட புத்தகத்தில் புவாசோனின் கணிதத்தை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கில் நோயாளிகள் இல்லாமல் சராசரியை நம்பாதீர்கள், சராசரியோடு அதன் ஊசலாட்ட எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினார். எஞ்சினியரிங் படித்துவிட்டு மருத்துவத்தில் மூக்கை நுழைப்பவர்களுக்கு அவர்தான் முன்னோடி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் நாலு வரி கண்டுபிடிக்காத ஒரு ஓட்டை இருக்கிறது. சிவியால் எல்லோருக்கும் கல்லை உடைக்கவில்லை. கல் சின்னதாக, பை ஆரோக்கியமாக, ஆள் தெம்பாக இருந்தால் கருவி. கல் பெரிசாகவோ நிலைமை மோசமாகவோ இருந்தால் அவர் கத்திக்குத்தான் போயாக வேண்டும். அப்படியானால் அந்த ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. நோஞ்சான்களை ஒரு அணியிலும் பலசாலிகளை இன்னொரு அணியிலும் நிறுத்திவிட்டு ஸ்கோரை ஒப்பிடுவது போல. எண்ணிக்கையை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் இந்தக் கோணல் நிமிராது. அந்தக் காலத்து எதிராளிகளே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இதற்கு ஒழுங்கான தீர்வு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முறையில் பிரிப்பது. பிரிட்டனில் 1948-ல் வெளியான காசநோய் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுதான் அதற்கு முன்மாதிரி.

என் மாத்திரையின் கதை

இப்போது என் டாம்சுலோசினுக்கு வருகிறேன். அடிப்படையில் அது ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமப்படும் ஆண்களுக்கான மருந்து. தசையைத் தளர்த்தும். அதே மாதிரித் தசை கல் இறங்கும் குழாயிலும் இருக்கிறது. குழாய் தளர்ந்தால் கல் சுலபமாக இறங்கும் என்பது யோசனை.

2006-ல் லான்செட் இதழில் 9 சின்ன ஆய்வுகளை, மொத்தம் 693 பேரை, ஒன்றுசேர்த்து வந்த கட்டுரை, இந்த வகை மருந்துகள் கொடுத்தால் கல் வெளியேறும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது என்றது. உலகம் முழுக்க எழுத ஆரம்பித்தார்கள்.

2015-ல் அதே லான்செட்டில் பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் நடந்த சஸ்பெண்ட் என்ற பெரிய ஆய்வு வந்தது. மூன்று குழுக்கள், குலுக்கல் முறை. நாலு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள்: டாம்சுலோசின் சாப்பிட்ட 378 பேரில் 307 பேர். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 379 பேரில் 303 பேர். 81 சதவீதம், 80 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கதை முடிந்ததா? யூராலஜிக்காரர்கள் விடவில்லை. அந்த ஆய்வில் பெரும்பாலானோருக்கு ஐந்து மில்லிமீட்டருக்குள்தான் கல். அது எப்படியும் தானாக வரும், அங்கே மருந்துக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். 2018-ல் அமெரிக்காவில் 512 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்விலும் பெரிய பலன் தெரியவில்லை. அதே சமயத்தில் சீனாவில் குழாயின் அடிப்பகுதியில் 4 முதல் 7 மில்லிமீட்டர் கல் இருந்த 3,296 பேரிடம் நடந்த ஆய்வில் மொத்தமாக 86-க்கு 79 என்று மருந்து முன்னால் நின்றது. அந்தப் பலன் வந்ததும் முக்கியமாக ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் கல் இருந்தவர்களிடம். ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டியும் குழாயின் அடிப்பகுதியில், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கல்லுக்கு இந்த மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது.

நடந்ததைக் கவனியுங்கள். 1835-ல் குழு கேட்டது, "சராசரி இருக்கட்டும், இந்த ஆளின் கல் எவ்வளவு பெரிசு?" என்று. இன்றைய சண்டையும் அதே கேள்விதான். குழு அதைக் காரணம் காட்டி எண்ணுவதையே ஒதுக்கிவைத்தது. இன்றைக்கு அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, கல்லின் அளவு வாரியாக, இடம் வாரியாக இன்னும் நுணுக்கமாக எண்ணுகிறார்கள். தனி ஆளுக்குக் கிட்டே போக எண்களைக் கைவிட வேண்டியதில்லை, இன்னும் அதிகமாக எண்ண வேண்டியிருக்கிறது. ஆனால் எவ்வளவு கிட்டே போனாலும் என் வரைக்கும் அது வந்து சேராது. ஆறு மில்லிமீட்டர், அடிப்பகுதி, நாற்பத்தி சொச்சம் வயது என்று எத்தனை அடைமொழி போட்டாலும் அதுவும் ஒரு சின்னக் கூட்டம்தான்.

என் கல் பத்தொன்பதாம் நாள் காலையில் வந்து விழுந்தது. அம்மா தினமும் அரைத்துக் கொடுத்த வாழைத்தண்டு ஜூஸ்தான் காரணம் என்று அம்மா. மாத்திரை வேலை செய்திருக்கு என்று டாக்டர். சும்மா இருந்திருந்தாலும் வந்திருக்குமோ என்று நான்.

மூன்றில் எது என்று என் உடம்பிலிருந்து என்னால் கண்டுபிடிக்கவே முடியாது. மாத்திரை சாப்பிடாத இன்னொரு நான் எங்கேயும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. "எனக்கு இது கேட்டுச்சு, நீங்களும் சாப்பிடுங்க" என்று இப்போதெல்லாம் யாருக்கும் சொல்வதில்லை. அந்தக் குழு சொன்னது சரிதான், எண்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் எது என்னைக் குணப்படுத்தியது என்று எனக்கும் தெரியாதே! அதைத் தெரிந்துகொள்ள எனக்கு முன்னால் அந்த வெறும் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வலியோடு காத்திருந்த 379 பேர் தேவைப்பட்டார்கள்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை. கல் வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தால் வாழைத்தண்டு, மாத்திரை, இந்தக் கட்டுரை எதையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.