வெளியிலிருந்து வரும் பொய்ச்செய்தியும் நிறுவனங்களின் முன்னேற்பாடும்

மக்களைக் குழப்பவும், அரசு அலுவலகம், நீதிமன்றம், மின்நிலையம், தொழிற்சாலை போன்றவற்றின் மேல் அவர்களுக்குள்ள நம்பிக்கையைக் குலைக்கவும் வெளியார் திட்டமிட்டுப் பொய்ச்செய்தி பரப்புவதுண்டு. அதை எதிர்கொள்ள ஒரு நிறுவனம் முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடுகளே இக்கட்டுரையின் பொருள். பரவுவது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எங்கோ எப்போதோ நடந்த உண்மைச் சம்பவத்தின் காணொளிக்கு வேறு ஊர்ப் பெயரைச் சூட்டினாலே போதும். ஐரோப்பாவில் இது தனித் துறையாக வளர்ந்துவிட்டது. சுவீடன் 2022 ஜனவரி 1 முதல் உளவியல் பாதுகாப்புக்கென்றே ஒரு முகமை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனிப் பெயரோ துறையோ நெடுங்காலம் இருந்ததில்லை. ஆனால் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள் உண்டு.

1942, சென்னை

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருவதாக வந்த தகவலை நம்பி, ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டு வெளியேறலாம் என்று அறிவித்தது. நகரம் காலியானது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பற்படை வரவில்லை. இந்தப் பீதியை எதிரி விதைத்தான் என்று சொல்ல முடியாது. அரசே நம்பிய தவறான தகவல் அது. ஆனால் அச்சு நாடுகளின் வானொலிகள் இந்திய மொழிகளில் பிரசாரம் செய்துகொண்டிருந்த காலம் அது. பி.பி.சி. 1941 மே மாதம் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியதும் இந்தப் போட்டியின் ஒரு பகுதியே.

2019, கூடங்குளம்

அவசர மறுப்பு என்ன செய்யும் என்பதற்குக் கூடங்குளத்தைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளில் 'டிட்ராக்' என்ற தீநிரல் நுழைந்துவிட்டதாகச் சமூக ஊடகங்களில் பேச்சு எழுந்தது. அதை வட கொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவின் வேலை என்று இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கூறினர். அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது: பரவுவது பொய், கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, அவற்றின் மேல் இணையத் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை.

மறுநாளே, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு (CERT-In) அதைப் பற்றிச் செப்டம்பர் 4 அன்றே தகவல் சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு பயனரின் கணினி. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். முதல் அறிக்கையில் உலையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லவில்லை. ஊர் கேட்டது 'உள்ளே நுழைந்தார்களா?' என்று, நிலையம் சொன்னது 'உலை பத்திரம்' என்று. நிலையத்தின் அருகே ஏற்கெனவே பயத்தோடு வாழும் இடிந்தகரை மக்களுக்கு, அதற்குப் பிறகு வரும் எந்த மறுப்பும் பாதி மறுப்புதான். கழகம் முதல் நாளே தன் வாயால் சொல்லியிருந்தால் வதந்திக்கு வேலையே இருந்திருக்காது.

2023, திருப்பூர்

திருப்பூர்ச் சம்பவத்தில் அயல்நாடு இல்லை. பொய் வந்தது மாநில எல்லைக்கு வெளியிலிருந்து. ஆனால் வேலை நடந்த விதம் அதேதான். 2023 மார்ச் முதல் வாரத்தில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. இந்திச் செய்தித்தாள்களும் எடுத்துப் போட்டன. பீகார் சட்டமன்றத்தில் அமளி. மார்ச் 2 அன்று அம்மாநில முதல்வர் நிதீஷ் குமாரே கவலை தெரிவித்துப் பதிவிட்டார். மார்ச் 8 ஹோலி. வழக்கமாகவே ஊருக்குக் கிளம்பும் கூட்டம் ரயில் நிலையங்களில் நின்றது. அந்தக் கூட்டத்தின் படமே 'உயிர் தப்பி ஓடுகிறார்கள்' என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது.

தமிழ்நாட்டின் அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு பொத்தாம்பொதுவாக மறுக்கவில்லை. ஒரு காணொளி திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். திருப்பூரில் உதவி எண் அறிவிக்கப்பட்டது. காவல் அதிகாரிகள் தொழிலாளர்களிடம் இந்தியிலேயே பேசினார்கள். பீகார் அரசு அனுப்பிய நான்கு பேர் குழுவைத் தடுக்காமல் திருப்பூரிலும் கோவையிலும் சுற்றிப் பார்க்கவிட்டது புத்திசாலித்தனம். பாட்னாவில் எடுபட்டது அந்தக் குழுவின் சொல்தான். சென்னையின் மறுப்பு அங்கே அந்த அளவுக்கு எடுபட்டிருக்காது. மார்ச் 7 அன்று முதல்வர் ஸ்டாலின் காவல்கிணற்றில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்.

வழக்குகளும் பாய்ந்தன. காயம்பட்டவர்கள் போலக் கட்டுப்போட்டு நடித்த ஒரு காணொளி பாட்னாவிலேயே தயாரானது என்று பீகார் காவல்துறை சொன்னது. யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதாகி மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார். தேசியப் பாதுகாப்புச் சட்டமும் போடப்பட்டது, அதைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தொழிலாளர்களின் பயத்தைத் தணித்ததில் இந்தக் கைதுகளுக்குப் பங்கு மிகக் குறைவு. அதைச் செய்தது இந்தியில் பேசிய குரல்கள்.

சுவீடனும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்தது. 2021 இறுதியிலிருந்து, அங்குள்ள சமூகநலத் துறை முஸ்லிம் குழந்தைகளைக் கடத்துகிறது என்ற பொய் அரபு மொழியில் பரவியது. ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. சுவீடிஷ் மொழியில் எத்தனை அறிக்கை விட்டாலும் பயந்த பெற்றோருக்கு எட்டாது என்பதால் அரபியிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

யார் சரிபார்ப்பது

2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் கீழ் 'தகவல் சரிபார்ப்பகம்' அமைத்தது. அரசைப் பற்றிய செய்தியை அரசே பொய் என்று முத்திரை குத்துவதா என எதிர்க்கட்சிகள் கேட்டன, அ.தி.மு.க. தரப்பு நீதிமன்றமும் சென்றது. அந்தக் கேள்வி தள்ளிவிடக்கூடியதல்ல. ஒன்றிய அரசு சட்ட விதிகளின் வழியே அமைக்க முயன்ற சரிபார்ப்புப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நிறுத்திவைத்தது. விதியையே பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று செல்லாதென்றது.

வெளிநாட்டிலிருந்து பொய் வருவதே இல்லை என்பதல்ல. பாகிஸ்தானிலிருந்து இயங்கிய 20 யூடியூப் சேனல்களை ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் முடக்கியது. 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது, இணையத் தாக்குதலால் இந்திய மின்தொடரமைப்பின் பெரும்பகுதி செயலிழந்ததாகப் பரவிய செய்தியைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பொய் என்று அறிவித்தது. ஆனால் 'அயல் சதி' என்ற சொல் ஆள்வோர் கையில் வசதியான தடியும்கூட. 2012 பிப்ரவரியில் கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் சொன்னார். கடற்கரையில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்களுக்குச் சொந்தக் கவலை இருக்க முடியாதா என்ற கேள்வி அதில் அடிபட்டுப்போனது. எதிர்ப்பையும் ஏமாற்று வேலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத நிறுவனம் இந்தத் துறையில் நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும்.

ஊராட்சி ஒன்றிய அளவில்

இந்தப் பாடங்களைக் கீழ்மட்டத்தில் எப்படிச் செயல்படுத்துவது என்பதற்குக் கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் ஊராட்சி ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் விருத்தாசலத்தின் பீங்கான் தொழில், இன்னொரு பக்கம் நெய்வேலிச் சுரங்கங்கள். நிலம் போகுமா, இழப்பீடு எவ்வளவு, வேலை யாருக்கு என்ற கேள்விகள் நிரந்தரமாக இருக்கும் வட்டாரம் இது. பதில் தாமதமாகும் இடத்தில் யார் வேண்டுமானாலும் பதில் தயாரித்துக் கொடுக்கலாம். இங்கே வேண்டியது பெரிய கருவி ஒன்றுமில்லை. வதந்தி கிளம்பினால் வட்டாட்சியர் பேசுவாரா, சுரங்க நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி பேசுவாரா என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பதிவு அழிக்கப்படுவதற்குள் அதன் முகவரி, நேரம், படம் ஆகியவற்றைச் சேமித்துவைக்க ஓர் ஆள் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டுமில்லாமல் ரேஷன் கடைப் பலகையிலும் கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவும் சேதி போக வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் இருக்கும் பட்டறையில் அவர்கள் மொழியில். தெரியாததைத் 'தெரியவில்லை, நாளை மாலைக்குள் சொல்கிறோம்' என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாலை சொல்ல வேண்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அலுவலகத்தில் ஒரு பக்க உத்தரவு போதும்.