லூமியேர் ஆலையின் வாயில்

பிரான்ஸின் லியோன் நகரில், மோன்பிளேசிர் பகுதியிலுள்ள லூமியேர் அருங்காட்சியகத்துக்கு ஆசிரியரோடு வரும் பள்ளி மாணவர்களின் கண்ணில் முதலில் படுவது முதலாளியின் மாளிகையே எனினும், திரைப்பட வரலாற்றில் அதைவிட மதிப்புமிக்கது அதனருகே எஞ்சி நிற்கும் ஆலைக் கொட்டகைதான். அந்த்துவான் லூமியேரும் அவருடைய மைந்தர்களான ஒகுஸ்தும் லூயியும் இங்கு நடத்திய ஆலை, ஒளி பட்டால் மாற்றமடையும் ரசாயனக் கலவையைப் பூசி உலர்த்திய கண்ணாடித் தகடுகளை, அதாவது நிழற்படக் கலைஞர்கள் பயன்படுத்திய ‘உலர்தட்டு’களைத் தயாரித்துச் செழித்தது. அந்தத் தொழில் தந்த பொருளும் பழக்கமுமே 1895 பிப்ரவரி 13 அன்று காப்புரிமைக்குப் பதிவான சினிமாட்டோகிராஃப் கருவிக்கு அடித்தளமாயின.

கையால் சுழற்றப்படும் அச்சிறிய மரப்பெட்டியே படம் பிடிக்கவும், படி எடுக்கவும், திரையில் காட்டவும் பயன்பட்டது. தையல் இயந்திரம் துணியை விட்டுவிட்டு நகர்த்துவதுபோல, அதனுள்ளிருந்த இரு கொக்கிகள் படச்சுருளின் துளைகளில் நுழைந்து அதைக் கீழே இழுத்துப் பின் விலக, சுருள் கணநேரம் அசையாது நிற்கும்போது ஒளி அதன்மீது விழுந்தது. ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள சுருள் 50 நொடிக்குள் ஓடி முடிந்தது.

ஆலை வாயில் திறந்து, பெரும்பாலும் பெண்களான தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியே லூமியேர் சகோதரர்களின் முதற்படம். இதற்கு மூன்று வடிவங்கள் உள்ளன. ஒன்றில் ஒரு குதிரை பூட்டிய வண்டியும், மற்றொன்றில் இரு குதிரை பூட்டிய வண்டியும் வருகின்றன; பரவலாக அறியப்பட்ட மூன்றாவதில் வண்டியே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துக் காணும் மாணவர், உடைகளும் நிழல்களும் மாறுவதைக் கொண்டே அவை வெவ்வேறு நாட்களில் எடுக்கப்பட்டவை என்று கண்டுகொள்ளலாம். வாழ்வை உள்ளபடியே பதித்ததாகப் புகழப்படும் இப்படம், முதலாளியின் சொற்படி திரும்பத் திரும்ப நடத்தப்பட்ட காட்சி என்பதை ஏனோ பலரும் பொருட்படுத்துவதில்லை.

1895 மார்ச் 22 அன்று பாரிஸில் தொழில்வளர்ச்சிச் சங்கமொன்றின் அவையில் காட்டப்பட்ட இக்காட்சி, டிசம்பர் 28 அன்று கிராண்ட் கஃபேயில் கட்டணம் செலுத்தியோர் கண்ட பத்துப் படங்களிலும், 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் காட்டப்பட்ட ஆறு படங்களிலும் இடம்பெற்றது. ஆலையின் பெரும்பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டாலும், 1982இல் தோன்றிய லூமியேர் நிறுவனம் மாளிகையில் அருங்காட்சியகத்தை நடத்திவர, எஞ்சிய கொட்டகை காக்கப்பட்டுத் திரையரங்காக்கப்பட்டது. அது நிற்கும் தெருவுக்கும் ‘முதற்படத் தெரு’ என்றே பெயர்.