பழவேற்காட்டுப் பிள்ளைத் துணி

1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைக் கொடுத்தால்தான் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் கிடைத்தன. அந்த வணிகத்தைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. நெய்த ஊரில் அந்தப் பருத்தி கடைசியாக எங்கே போய்ச் சேர்ந்தது என்று எழுதியவர் குறைவு. அது பிள்ளையின் இடுப்பில் போய்ச் சேர்ந்தது. மீஞ்சூரில் வீடு, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வேலை என்று கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த எனக்கு அந்தக் கதையின் கடைசிப் பகுதியைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். பெயர் வைக்கும் வரை தாத்தாவின் பழைய வேட்டிதான், ஆயாவின் நைந்த சேலைதான். "புதுசு கண்ணு படும் நர்சம்மா" என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பல வருஷம் துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, கழன்று ஒட்டும் சாயமும் இருக்காது. நூல் தளர்ந்து ஈரத்தைச் சட்டென்று இழுக்கும். அதை முக்கோணமாக மடித்து, அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிவிடுவார்கள். நனைந்தால் பிள்ளை அழும், உடனே மாற்றியாக வேண்டும். மூத்திரமும் மலமும் தோலில் தங்கி ஊறுவதால்தான் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகிறது. துணியை உடனுக்குடன் மாற்றினால் அந்த வாய்ப்பு குறைவு.

ஆனால் அந்தத் துணியைத் துவைத்தது யார்? பிள்ளை பெற்ற வீட்டின் தீட்டுத் துணியை மூட்டை கட்டிக் கொண்டுபோனவள் வண்ணாத்தி. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவிப் பானையின் ஆவியில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, அதுவரைக்கும் கட்டிக்கொள்ள மாற்றுத் துணியும் கொடுத்தாள். உவர்மண்ணின் காரம் கறையை எடுத்தது, ஆவியின் சூடு கிருமியைக் கொன்றது. இன்றைய மருத்துவமனைச் சலவையிலும் இதே காரமும் சூடும்தான். கூலியோ தானியமும் மிச்சச் சோறும். வாசலுக்குள் வர அவளுக்கு அனுமதி இல்லை. அந்தக் காலத்துத் துணியின் சுத்தத்தைப் புகழ்கிறவர்கள் அவள் கையையும் நினைக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு போனது நல்லது. கூடவே தண்ணீரும் போனதுதான் கேடு. 1960களின் கடைசியில் இருந்து சென்னைக்காக மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, கடல் உள்ளே வந்தது. கிணறுகள் உப்பாயின. உப்பும் கடினமுமான நீரில் சோப்பு நுரைக்காது. திரிந்து நூலிலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ந்த துணி அட்டைபோல் விறைக்கும், பிள்ளையின் தோலை உரசும். 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளைக்கு 10 கோடி லிட்டர். அது சென்னைக்கென்று கட்டிய ஆலை. குடத்துத் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி அலசுவது எப்படி?

டயப்பர் இந்த இடத்தில்தான் நுழைந்தது. அமெரிக்காவில் பேரப்பிள்ளையின் துணி துவைத்துச் சலித்த விக்டர் மில்ஸ் என்ற பொறியாளர் தொடங்கிய வேலை, 1961-ல் பாம்பர்ஸ் ஆகக் கடைக்கு வந்தது. ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக்கும் பாலிமர் 1980களில் சேர்ந்தது. இன்று குப்பத்துப் பெட்டிக்கடையிலும் ஒற்றை டயப்பர் சரம் சரமாகத் தொங்குகிறது. விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு ஓடும் தாய் அதை வாங்குவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கழற்றியபின் அது போகும் இடம்தான் என் கவலை. ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றை வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள். கால்வாயில் வீசிய டயப்பர் ஊதிப் பெருத்து வந்து சேர்வது அந்தச் சேற்றில்தான். பிளாஸ்டிக் உறை மட்காது. அன்று வண்ணாத்தியிடம் தள்ளிய அழுக்கை இன்று இவர்களிடம் தள்ளுகிறோம். 2016 திடக்கழிவு விதிகள் டயப்பரைப் பொதிந்து உலர் குப்பையில் போடச் சொல்லின. அதற்கான உறையைத் தருவது தயாரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு என்றும் சொல்லின. கடையில் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். பகலில் பழைய பருத்தி கட்டுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள், வெயிலில் காயவையுங்கள். இரவுக்கும் பயணத்துக்கும் டயப்பர் போட்டால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் அந்த நொடியே. மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றிக் குப்பை வண்டியில் கொடுங்கள். துவைக்கிற வேலையைப் பச்சை உடம்புக்காரி தலையில் கட்டாதீர்கள். பிள்ளையின் அப்பா துவைக்கட்டும்.