இசையச்சும் அதன் பிழைகளும்

ஒரு பாட்டைக் காதாற் கேட்டுக் கற்பது நம்மவர்க்குப் பழகிய வழி. அதனையே தாளில் அச்சேற்றி, முன் கேட்டறியாத ஒருவன் கையிற் கொடுத்து, 'இதை வாசி' என்பது ஐரோப்பியர் ஐந்நூறு ஆண்டுகளாகப் பாடுபட்டுத் திருத்திவரும் வழி. இவ்வழியில் அச்சுப்பிழை என்பது கதைப் புத்தகத்துப் பிழை போன்றதன்று. கதையில் ஓர் எழுத்துத் தவறினால் படிப்பவன் தானே திருத்திக்கொண்டு மேலே செல்வான். ஸ்வரம் தவறினாலோ, முப்பது பேர் வாசிக்கும் குழுவில் ஒருவன் மட்டும் வேறு வழி போவான். பிழை தாளில் இருக்கப் பழி அவன் தலையில் விழும்.

வெனிஸ் நகரத்து ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்பார் 1498ஆம் ஆண்டில் இருபதாண்டுத் தனியுரிமை பெற்று, 1501இல் பல குரலிசைப் பாடல்களை வார்ப்பெழுத்துக்களால் முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டார். அவர் முறையில் ஒரே தாள் பலமுறை அழுத்தப்பட வேண்டும்: கோடுகளுக்கு ஒருமுறை, ஸ்வரங்களுக்கு ஒருமுறை, சொற்களுக்கு ஒருமுறை. தாள் மயிரிழை விலகினாலும் கோட்டின்மேல் நிற்க வேண்டிய ஸ்வரம் இடைவெளியில் விழுந்து வேறொன்றாகிவிடும். பெத்ரூச்சியின் பக்கங்கள் இன்றும் வியந்து பார்க்கத்தக்கவை. ஆனால் உழைப்பும் செலவும் மிகுதி. 1528இல் பாரிஸில் அத்தேஞான் என்பார், ஒவ்வோர் அச்செழுத்திலும் ஸ்வரத்தோடு கோட்டின் துண்டையும் சேர்த்து வார்த்து, ஒரே அழுத்தில் வேலையை முடித்தார். மலிவு வந்தது, அழகு போயிற்று. துண்டுக்குத் துண்டு கோடு அறுந்து தோன்றும்.

பின்னர் உலோகத் தகடு வந்தது. செதுக்குவோன் பக்கம் முழுவதையும் கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலமாக மாற்றித் தகட்டிற் பதித்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் தகட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமனாக்கி அவ்விடத்தை மறுபடியும் செதுக்குவான். லைப்சிக் நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது.

நிற்க. மேற்சொன்ன தொழிலாளர் அனைவரும் பதித்தது உருவத்தையே. ஸ்வரத்தின் பொருள் அவர் கருத்தில் இருந்ததேயன்றி, ஈயத்துக்கும் தகட்டுக்கும் அது தெரியாது. 1996ஆம் ஆண்டில் ஹான்-வென் நீன்ஹவுஸ், யான் நியூவன்ஹவுசன் என்னும் இரு டச்சு இசைவாணர் தொடங்கிய 'லிலிபாண்ட்' என்னும் கணினி நிரல் இதனைத் தலைகீழாக்கிற்று. கணினியச்சின் உயிரற்ற தோற்றம் கண்டு மனங்கசந்த அவர்கள், பேரன்றைட்டர் நிறுவனம் 1950இல் வெளியிட்ட, கையாற் செதுக்கிய பாஹ் செல்லோ இசைப் பதிப்பையே மாதிரியாக வைத்துக்கொண்டனர். இதில் யாரும் படம் வரைவதில்லை. நாம் ச ரி க ம என்று எழுதுவதுபோல ஸ்வரப் பெயர்களை எழுத்தாலும் கால அளவை எண்ணாலும் தட்டச்சிடுகிறோம்; உருவத்தை அந்நிரலே அமைத்துக்கொள்ளுகிறது. தனியுரிமைப் பட்டயம் ஏதுமின்றி எவரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

ஆனால் பிழை ஒழிந்ததா? இல்லை, இடம் மாறிற்று. உருவத்திலிருந்த பிழை பொருளில் வந்து குடிபுகுந்தது.

டி மேஜர் சுருதியில் எஃப் எப்போதும் ஷார்ப்பாக ஒலிக்கும் என்று பள்ளி பேண்டு வாத்தியத்தில் கற்றவன், முகப்பில் சுருதிக் குறி இருக்கிறதே என்று எண்ணி வெறும் எஃப் என்று எழுதுவான். நிரலோ அவன் சொல்லை அப்படியே நம்பி, ஷார்ப்பை நீக்கும் குறியொன்றைப் பக்கத்தில் அச்சிடும். அதற்கு வேண்டியது தோற்றமன்று, ஒலி. 'ஃபிஸ்' என்று ஒவ்வொரு முறையும் எழுதியே தீரவேண்டும்.

கால அளவில் வரும் பிழை இன்னும் கொடியது. 4 என்றால் கால், 8 என்றால் அரைக்கால். எண் எழுதாத ஸ்வரம் முந்தியதன் அளவையே பெறும். ஒரு கட்டத்தின் முடிவில் நான்கு அரைக்கால்கள் வந்து, அடுத்த கட்டத்தின் தொடக்கத்தில் 4 என்று மீண்டும் குறிக்க மறந்தால், அங்குள்ள நான்கு ஸ்வரங்களும் அரைக்காலாகிக் கட்டம் பாதியே நிரம்பும். மீதிப் பாதிக்குப் பின்வரும் கட்டத்து ஸ்வரங்கள் இழுக்கப்படும். பக்கம் பார்வைக்கு அழகாகவே இருக்கும். வாசித்தாலன்றிப் பொய் வெளிப்படாது. இதற்கு மருந்து, கட்டம் முடியுமிடந்தோறும் ஒரு நெடுங்கோட்டைத் தட்டச்சிடுவது. அது தாளில் எதையும் வரையாது. 'இங்கே கட்டம் முடிந்திருக்கிறதா, பார்' என்பதே அதன் பொருள். முடியாவிட்டால் நிரல் எச்சரிக்கும். கிராணி வேலை பார்ப்பவனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பக்கந்தோறும் அடித்தொகை போடாமல் மாதக் கடைசியில் மொத்தம் பார்ப்பவன் படும் பாடு அவனுக்குத் தெரியும்.

ஸ்தாயிப் பிழை மற்றொன்று. 'ரிலேட்டிவ்' முறையில் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தியதற்கு மிக அருகிலுள்ள இடத்திற் போய் அமரும். சியை அடுத்து ஜி என்று எழுதினால், மேலே எண்ணினால் ஐந்தாம் இடம், கீழே எண்ணினால் நான்காம் இடம். ஆகவே அது கீழே இறங்கும். மேலே வேண்டுமாயின் ஒரு மேற்கொட்டு இடவேண்டும். மறந்தால் அந்த ஜி மட்டுமன்று, பின்வருவன யாவும் ஒரு ஸ்தாயி தாழ்ந்துவிடும்.

எங்கள் தோட்டத்து இளைஞர் குழுவுக்கு ஒரு பாட்டைக் கிளாரினெட்டுக்கு எழுதியபோது, கடைசி வரியிற் பிழையென்று நிரல் அடித்துச் சொல்லிற்று. அவ்வரியை அரைமணி நேரம் உற்றுப் பார்த்தேன், குற்றம் காணேன். பின்பு நூற்றுவீதக் குறியிட்டால் அவ்வரியின் எஞ்சிய பகுதியை நிரல் படியாது என்பது நினைவுக்கு வந்து, பாதியை மறைத்துப் பார்த்தேன், பிழை நின்றது. மற்றப் பாதியை மறைத்தேன், மறைந்தது. அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்கினேன். நாற்பதாம் வரியையொட்டித் திறந்த ஓர் அடைப்பு மூடப்படாமலே கிடந்தது. அதற்கு முடிவு வரும் வருமென்று கடைசி வரி மட்டும் காத்திருந்து, அங்கேதான் நிரல் வாய் திறந்திருக்கிறது. அன்று மாலையே பிள்ளைகள் கையில் தாள் கொடுத்தேன்.