ஆர்எஸ்-232 மின்னழுத்த மட்டங்கள்

ஆர்எஸ்-232 என்பது இரு கருவிகளுக்கிடையே தரவுகளை ஒவ்வொரு பிட்டாக அனுப்புவதற்கான தொடர்நிலைத் தொடர்பாடல் சீர்தரம் ஆகும். இது 1960 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. 1969 இல் வெளியான 'சி' பதிப்பு பரவலாக அறியப்பட்டது. தனியாள் கணினிகளில் இதன் இடத்தை யுஎஸ்பி பெற்றுவிட்ட போதிலும், எடைமேடைகள், பி.எல்.சி. எனப்படும் கட்டுப்படுத்திகள் முதலான தொழிலகக் கருவிகளில் இது இன்றும் பயன்படுகிறது.

மின்னழுத்த வரையறை

பெறும் முனையில் -3 முதல் -15 வோல்ட்டு வரை '1' எனவும், +3 முதல் +15 வோல்ட்டு வரை '0' எனவும் கொள்ளப்படும். இடைப்பட்ட பகுதி வரையறுக்கப்படாதது. அனுப்பும் முனை குறைந்தது 5 வோல்ட்டு தரவேண்டும். தரவு செல்லாத ஓய்வு நிலையில் கம்பி எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும்.

நுண்கட்டுப்படுத்திகளின் டிடிஎல் மட்டம் இதற்கு நேர்மாறானது. அதில் '1' என்பது ஏறத்தாழ 5 அல்லது 3.3 வோல்ட்டு, '0' என்பது சுழிக்கு அண்மையது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் நுண்கட்டுப்படுத்தி பழுதடையக்கூடும். எனவே மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு இடையில் தேவை. இச்சில்லு 5 வோல்ட்டிலிருந்து மின்தேக்கிகளின் உதவியால் நேர், எதிர் மின்னழுத்தங்களை உருவாக்குகிறது.

பழுதறிதல்

கணினியின் 9 ஊசி இணைப்பியில் 2 பெறுவதற்கும், 3 அனுப்புவதற்கும், 5 பொதுத் தரைக்கும் உரியவை. கம்பியைக் கழற்றி, ஓய்வு நிலையில் பல்மானியால் 5 ஆம் ஊசியைச் சார்ந்து அளக்கவேண்டும்.

* 3 ஆம் ஊசியில் -5 வோல்ட்டுக்கும் கீழான எதிர் மதிப்பு இருப்பின் அனுப்பி சரியாக உள்ளது.
* சுழிக்கு அண்மையில் இருப்பின் சில்லு, அதன் மின்தேக்கி அல்லது மின்வழங்கல் பழுதாகியிருக்கலாம்.
* எதிர்க்கருவியின் அனுப்பும் கம்பியில் ஓய்வு நிலையில் +5 அல்லது +3.3 வோல்ட்டு இருப்பின் அது டிடிஎல் மட்டமாக இருக்கலாம்.
* எதிர்க்கருவியின் கம்பியிலும் 3 ஆம் ஊசியிலேயே எதிர் மின்னழுத்தம் வந்தால் இரண்டும் ஒரே கம்பியில் அனுப்புகின்றன. 2, 3 கம்பிகளை மாற்றி இணைக்கவேண்டும்.

2, 3 ஊசிகளை இணைத்துத் தட்டச்சு செய்யும் எழுத்துகள் திரையில் திரும்பி வந்தால் கணினியில் குறையில்லை. எழுத்துகள் சிதைந்து வந்தால் முதலில் இரு கருவிகளின் பாட் வீதத்தை ஒப்பிடவேண்டும். தரவு செல்லும்போது பல்மானி சராசரியையே காட்டும். அலைவடிவத்தை அறிய அலைவுகாட்டி தேவை.

தொழிற்பேட்டைகளில்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்று உருக்கு ஆலைகள் உள்ள இடங்களில் பெரிய மின்னோடிகளும் தூண்டல் உலைகளும் இரைச்சலை ஏற்படுத்தும். கட்டடங்களின் தரை மின்னழுத்தங்களும் வேறுபடலாம். ஆர்எஸ்-232 பொதுத் தரையைச் சார்ந்தே அளப்பதால் இவ்வேறுபாடு குறிகையுடன் சேர்ந்துவிடும். எடைமேடையிலிருந்து தவறான எடை பதிவாகவும் இது காரணமாகலாம். ஏறத்தாழ 15 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு, இரு கம்பிகளின் வேறுபாட்டை அளக்கும் ஆர்எஸ்-485 ஏற்றது. இது குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை செயற்படும். இதன் பெறுமுனைக்கு 0.2 வோல்ட்டு வேறுபாடே போதும். நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இணைக்கப்படவேண்டும்.

இவற்றையும் பார்க்க

* யுஎஸ்பி
* மோட்பஸ்
* அலைவுகாட்டி